நாற்பதில் மூன்று

பைத்தியம் அம்மா வழியில்தான் வரும் என்பது நல்லசிவத்தின் சொந்தபந்தத்தில் யாருமே சந்தேகப்படாத விஞ்ஞானம். உயரம், நிறம், உழைப்பு, ரோஷம் எல்லாம் அப்பா வழி. மாறுகண், சர்க்கரை, மூளைக் கோளாறு எல்லாம் அம்மா வழி. ஆகவே, பிளஸ் டூ முடிக்கப்போகிற சமயத்தில் அவருடைய மகன் நிதின் ஹாஸ்டல் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, கையில் கட்டியிருக்கும் வாட்ச் தன்னைத் திட்டுகிறது என்று மணிக்கட்டைச் சிமெண்டுச் சுவரில் தேய்த்துப் புண்ணாக்கிக்கொண்டபோது, குற்றவாளியைத் தேட ஊரார் அதிகம் சிரமப்படவில்லை. நிதினின் அம்மா கோகிலவாணிக்கு ஒரு தாய்மாமன் இருந்தார். முப்பது வயதில் பெண்டாட்டி பிள்ளைகளை விட்டுவிட்டுப் பழனிக்குப் பண்டாரமாகப் போனவர். அது போதுமானதாக இருந்தது.

“எங்க கூட்டத்துல எவனுக்கும் இல்லாத சீக்கு. எல்லாம் அந்தப் பண்டாரத்து ரத்தம்” என்றார் மாமியார். கல்யாண வீடு, எழவு வீடு என்று எங்கே போனாலும் இந்த வாக்கியம் கோகிலவாணிக்கு முன்பாகவே போய் உட்கார்ந்திருந்தது.

இரண்டு வருஷம் அவள் பதில் பேசவில்லை. அதற்குள் மகள் யுவஸ்ரீ ஒன்பதாவதுக்கு வந்துவிட்டாள். நல்லசிவம் அதே ஹாஸ்டலில் அவளுக்கும் பிளஸ் ஒன்னுக்கு இப்போதே இடம் சொல்லி வைத்தார். அன்றைக்குத்தான் கோகிலவாணி வாயைத் திறந்தாள்.

“என்ற மகன் சீக்கோட பொறக்கலீங்க. அந்த ஹாஸ்டல்தான் அவனை இப்படி ஆக்கிப்போட்டுது. புள்ளையையும் அங்க கொண்டுபோய்த் தள்ளாதீங்க.”

“அதே ஹாஸ்டல்ல, அதே கிளாஸ்ல நானூறு பசங்க படிச்சானுக. எல்லாவனும் நல்லாத்தான் இருக்கறான். உன்ற மகனுக்கு மட்டும் என்ன வந்துச்சாம்?”

இந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்தால் மகளைக் காப்பாற்றிவிடலாம் என்று அவளுக்குத் தெரிந்தது. நிதினைப் பார்க்கும் மனநல டாக்டர், கோயம்புத்தூரில் ஒரு ஆராய்ச்சி மையம் இருக்கிறது, நோயாளியின் மூளையையே சின்னதாக வளர்த்துப் பார்த்து எந்த மருந்து கேட்கும் என்று சொல்கிறார்கள் என்றார். கோகிலவாணி மருந்துக்காகப் போகவில்லை. புருஷனை இழுத்துக்கொண்டு சாட்சி தேடித்தான் போனாள்.

அந்த மையத்தில் அவர்களுக்குக் கிடைத்தவள் டாக்டர் ரெஜினா. தூத்துக்குடிக்காரி, ஐம்பதை நெருங்குகிறவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, செய்துகொள்ளாததற்குக் காரணமும் சொன்னதில்லை. ரிசல்ட்டில் சர்க்கரை தடவிக் கொடுக்கத் தெரியாதவள் என்று மையத்தில் அவளுக்குப் பெயர். அந்தப் பெயரில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

“நிதினோட ரத்தத்துல இருந்து கொஞ்சம் செல் எடுப்போம்” என்றாள் ரெஜினா. “நீ ரத்தமாகறதுக்கு முன்னாடி, எதுவாவும் ஆகாம சும்மா இருந்தியே, அங்கேயே திரும்பிப் போன்னு அதைத் திருப்பி அனுப்புவோம். அதுதான் ஸ்டெம் செல். அங்கேயிருந்து மூளையா வளருன்னா மூளையா வளரும்.”

“முழு மூளையுங்களா?” என்றார் நல்லசிவம்.

“துவரம்பருப்பு அளவுக்கு. நாங்க இங்கே பருப்புன்னுதான் சொல்றது.”

“அது யோசிக்குமுங்களா?”

“யோசிக்காது. வலியும் தெரியாது. நிதினோட மூளைக்கு என்ன சுபாவமோ அந்தச் சுபாவம் மட்டும் இருக்கும். நாற்பது கிண்ணத்துல நாற்பது பருப்பு வளர்ப்போம். ஒண்ணு ரெண்டை வெச்சு எதையும் சொல்ல முடியாது.”

நல்லசிவம் தலையாட்டினார். அவருக்கு நாமக்கல் பக்கம் முப்பதாயிரம் முட்டைக் கோழிகள். ஒரு கோழியைப் பார்த்து எதையும் சொல்ல முடியாது என்பது அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டிய விஷயமில்லை. அவர் முட்டாள் இல்லை. இந்தக் கதையில் முட்டாள் யாருமே இல்லை, கஷ்டமே அதுதான்.

கோகிலவாணி கேட்டாள். “பொறக்கும்போதே சீக்கு இருந்திருந்தா அந்தப் பருப்புல தெரியுமுங்களா?”

“தெரியும்.”

“இல்லாம இருந்தா?”

“இல்லைன்னும் தெரியும்.”

“அப்ப போடுங்க மேடம்” என்றாள் அவள். தேர்தலில் ஓட்டுப் போடச் சொல்வதுபோல இருந்தது குரல்.

பருப்புகள் வளர்ந்தன. நாற்பதும் ஒழுங்காக, அமைதியாக, புத்தகத்தில் போட்டிருப்பதுபோல வளர்ந்தன. எந்த நரம்பு எங்கே போக வேண்டுமோ அங்கே போனது. ரெஜினா ஆறு மாதம் அவற்றைத் தோண்டித் துருவிப் பார்த்துவிட்டு நல்லசிவத்துக்குப் போன் செய்தாள். “உங்க பையன் மூளைல பிறவிக் கோளாறு எதுவும் இல்லைங்க.”

“அப்பறம் ஏனுங்க அவன் அப்படி இருக்கறான்? உங்க மெஷினு தப்பாக் காட்டுதா?”

அவர் இப்படிக் கேட்டதில் ரெஜினாவுக்குக் கோபம் வந்தது. அவளுடைய மெஷினை யாரும் தப்பு சொல்லிவிட முடியாது. அந்தக் கோபத்தில்தான் அவளுக்கு அந்த யோசனை வந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். பெரிய கண்டுபிடிப்புகள் பலவற்றுக்குப் பின்னால் இந்த மாதிரி ஒரு ரோஷம்தான் இருக்கும்.

“நிதின் ஒரு வாட்ச் கட்டியிருந்தான்னு சொன்னீங்களே, அது என்ன வாட்ச்?”

அது பள்ளிக்கூடம் எல்லாப் பிள்ளைகளுக்கும் கட்டிவிடும் வாட்ச். எப்போது தூங்கினான், எப்போது எழுந்தான், நாடி என்ன, வேர்வையில் பதற்றத்தின் ரசாயனம் எவ்வளவு என்று அளந்துகொண்டே இருக்கும். பாடம் நடக்கும்போது கண் சொருகினால் மணிக்கட்டில் சுரீர் என்று ஒரு அதிர்வு கொடுக்கும். அன்றாடக் கணக்கைப் பெற்றோரின் போனுக்கு அனுப்பிவிடுவார்கள். நல்லசிவம் முட்டை வியாபாரிகள் சங்கத்தில் அந்த வரைபடத்தைக் காட்டிப் பெருமைப்பட்டதுண்டு. இரண்டு வருஷத்துக் கணக்கும் அவர் போனில் அப்படியே இருந்தது.

“அதை எனக்கு அனுப்புங்க” என்றாள் ரெஜினா.

பதற்றம் கூடும்போது உடம்பில் என்னென்ன சுரக்குமோ அதையெல்லாம் அந்தக் கணக்குப்படியே சின்னக் குழாய்கள் வழியாகக் கிண்ணங்களுக்குள் விட்டாள். நிதின் தூங்காத நேரம் பருப்புகளும் தூங்கவில்லை. வாராந்திரப் பரீட்சைக்கு முந்தின நாளெல்லாம் அவற்றுக்கும் முந்தின நாள்தான். வேகத்தைக் கூட்டி ஓட்டுவதற்கு மையத்தில் ஒரு வழி வைத்திருந்தார்கள். இரண்டு வருஷப் படிப்பைப் பருப்புகள் மூன்று மாதத்தில் படித்து முடித்தன.

நாற்பதில் முப்பத்தொன்று கெட்டுப்போயின. முதலில் எல்லா நரம்பும் ஒரே நேரத்தில் கத்தத் தொடங்கின. பிறகு ஒன்றோடொன்று கொண்டிருந்த தொடுப்புகளை ஒவ்வொன்றாக விட்டன. பிறகு கத்துவதும் நின்றுபோயிற்று.

இதைச் சொல்வதற்கு ரெஜினா அவர்கள் இரண்டு பேரையும் நேரில் வரவழைத்தாள். திரையில் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். நல்லசிவம் திரையருகே நகர்ந்து உட்கார்ந்தார்.

“லேயர் கோழிக்கு லைட்டைக் கூட்டிப் போடுவோமுங்க மேடம்” என்றார். “லைட்டு கூட இருந்தா முட்டை கூட வரும். ஆனா ஒரு அளவு இருக்குதுங்க. அதுக்கு மேல போட்டமுன்னா நாலு மாசம் நல்லா முட்டை போட்டுட்டு, ஒண்ணையொண்ணு கொத்திக்கிட்டு, கோழி செத்துக் கழிஞ்சு போயிரும். கோழிக்கு எவ்வளவு தாங்கும்னு எனக்கு அத்துப்படிங்க. பெத்த மகனுக்கு எவ்வளவு தாங்கும்னு தெரியாமப் போச்சுங்களே.”

சொல்லிவிட்டு அழுதார். ஐம்பது வயது ஆள், வெள்ளைச் சட்டை, சங்கத்துப் பொருளாளர், ஒரு பொம்பளை டாக்டர் முன்னால் தோள் குலுங்க அழுதார். ரெஜினாவுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. கோகிலவாணி அழவில்லை. ரொம்ப நாளாகத் தலையில் இருந்த சுமையை இறக்கி வைத்தவள்போல நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

“மேடம், இதையே எங்க மாமியாருக்கு ஒருக்காப் போன்ல சொல்றீங்களா? ஸ்பீக்கர்ல போட்டுக்கறேன்” என்றாள். மூன்று பேரும் சிரித்தார்கள். அந்தக் குடும்பம் அந்த அறையில் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

நல்லசிவம் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். துடைத்து முடித்தபோது அவர் மறுபடியும் முப்பதாயிரம் கோழிகளின் முதலாளியாக இருந்தார்.

“பேட்சுக்குப் பேட்ச் வித்தியாசம் உண்டுங்க மேடம். ஒரே தீவனம், ஒரே லைட்டு, ஒரு பேட்ச் கழிஞ்சு போகும், ஒரு பேட்ச் ஜம்முனு நிக்கும். நிதினோடது தாங்கலை. சரி. பாப்பாவோடதையும் ஒருக்காப் போட்டுப் பார்த்துருங்க. தாங்காதுன்னா அனுப்பலை. தாங்குமுன்னா எதுக்குங்க வீணாப் பயந்துக்கிட்டு? அவ டாக்டராகறதை நாமளே ஏன் கெடுக்கோணும்?”

கோகிலவாணியின் முகம் வெளிறிப்போயிற்று. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டோம் என்பது அவளுக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. ரெஜினாவுக்குப் புரியக் கொஞ்ச காலம் பிடித்தது. அண்ணனும் தங்கையும், ஒரே வீடு, ஒரே சோறு. இப்படி ஒரு ஜோடி கிடைக்க அவள் தொழிலில் இருப்பவர்கள் தவம் கிடப்பார்கள். யுவஸ்ரீ மைனர், அப்பா கையெழுத்துப் போட்டால் போதும். ரெஜினா மறுக்கவில்லை.

ரத்தம் கொடுக்க வந்த யுவஸ்ரீ வாயாடி. ஊசி குத்தும்போதுகூடப் பேசிக்கொண்டே இருந்தாள்.

“எனக்கு டாக்டருக்கெல்லாம் படிக்க இஷ்டமில்லைங்க மேடம். எக்கனாமிக்ஸ் படிக்கோணும். அப்பாகிட்டச் சொன்னேன். ‘உன்னை யாரு கண்ணு கேட்டா, உன்ற ரத்தத்தைத்தான் கேக்கறோம்’ங்கறாரு.” சொல்லிவிட்டு ஹாலே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள். “அந்தப் பருப்புகிட்டயாச்சும் எக்கனாமிக்ஸ் பிடிக்குமான்னு கேட்டுப் பாருங்க.”

“அதுக்குக் காது கிடையாது.”

“எங்கப்பாவுக்குந்தான்.”

யுவஸ்ரீயின் பருப்புகளும் அண்ணன் படித்த அதே இரண்டு வருஷத்தைப் படித்தன. அதே தூக்கமின்மை, அதே பரீட்சைகள், அதே சுரீர். நாற்பதில் முப்பத்தேழு அசையாமல் நின்றன. சில பருப்புகளில் தொடுப்புகள் முன்னைவிட அடர்த்தியாகக்கூட இருந்தன. மூன்றுதான் கெட்டன. மூன்று என்பது கணக்கே இல்லை. யாருடைய ரத்தத்தில் வளர்த்தாலும் இரண்டு மூன்று கெட்டுப்போகும். மையத்தில் வேலை பார்க்கிறவர்களே ஒப்புநோக்குவதற்காக ரத்தம் கொடுத்திருந்தார்கள். ரெஜினாவின் பருப்புகளில் நான்கு கெட்டிருந்தன.

ரிசல்ட் சொல்லும் நாளுக்கு முந்தின நாள் கோகிலவாணி தனியாக வந்தாள். நாமக்கல்லில் இருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். உட்காரவில்லை.

“தாங்கிருச்சுங்களா மேடம்?”

“நாளைக்கு அவரும் வரட்டும், சேர்ந்து சொல்றேன்.”

“உங்க முகத்துலயே தெரியுதுங்க. தாங்கிருச்சு.” மேஜையைப் பிடித்துக்கொண்டாள். “தாங்கலைன்னு சொல்லிருங்க மேடம். உங்க காலுல வேணாலும் விழுகறேன். பருப்பு தாங்குமுங்க. பருப்புக்கு அம்மா இல்லை, ஊடு இல்லை, ஏங்கறதுக்கு எதுவுமே இல்லை. என்ற மகள் ஏங்கிப்போவாளுங்க.”

ரெஜினாவுக்கு அவள் சொன்னதில் இருந்த நியாயம் தைத்தது. தைத்த இடம் அவளுடைய கர்வம் இருந்த இடம் என்பதால் குரல் கடுமையாக வந்தது.

“இங்க பாருங்கம்மா. நான் இந்த வேலைக்கு வந்து இருபது வருஷமாச்சு. ஒரு ரிசல்ட்டைக்கூட மாத்திச் சொன்னதில்லை. சாகப்போறவங்ககிட்டயும் சொன்னதில்லை, கலெக்டர் வீட்டுலயும் சொன்னதில்லை. என் வாயில பொய் வராது. நீங்க கிளம்புங்க.”

கோகிலவாணி புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

மறுநாள் குடும்பமே வந்தது. காரின் மேலே புது டிரங்குப் பெட்டி, பக்கெட், சுருட்டிய மெத்தை. ரிசல்ட்டைக் கேட்டுவிட்டு அப்படியே ஹாஸ்டலில் விட்டுவிடுவதாக ஏற்பாடு. யுவஸ்ரீ காரிலேயே இருந்தாள். வீட்டில் தனியாக விட முடியாது என்பதால் நிதினையும் கூட்டி வந்திருந்தார்கள். அவனை ரெஜினா அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தாள். அவனுடைய மூளையின் ஒவ்வொரு தொடுப்பும் அவளுக்குத் தெரியும், ஆளைத் தெரியாது. மருந்தில் ஊதிய உடம்பு. மூலை நாற்காலியில் உட்கார்ந்து, வாட்ச் இல்லாத மணிக்கட்டைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே இருந்தான். யாராவது பேச ஆரம்பித்தால் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தான், தூங்கிவிடவில்லை என்று காட்டுவதற்கு.

“சொல்லுங்க மேடம்” என்றார் நல்லசிவம்.

ரெஜினா முப்பத்தேழு என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். நிதின் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

“தாங்கலைங்க” என்றாள்.

“எத்தனைங்க?”

“பாதிக்கு மேல போச்சு. அனுப்பாதீங்க.”

நல்லசிவம் மறு கேள்வி கேட்கவில்லை. சர்க்கரை தடவாத டாக்டரின் வார்த்தை, அதை அவர் அப்படியே வாங்கிக்கொண்டார். எழுந்துபோய் ஜன்னல் வழியாகக் கீழே நின்ற காரைப் பார்த்தார். “பெட்டியை எறக்கி வெச்சிரலாம்” என்றார். கோகிலவாணி ரெஜினாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் நிறையத் தண்ணீர். அது நன்றி என்று ரெஜினா நினைத்தாள். அன்றைக்கு முழுக்க அவள் மனசு லேசாக இருந்தது. இருபது வருஷத்தில் முதல் பொய், அதுவும் ஒரு பெண்ணின் வாழ்க்கைக்காக, யாருக்கு நஷ்டம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அதற்கப்புறம் மையம் அடையாளம் தெரியாமல் மாறிப்போயிற்று. நல்லசிவம் சங்கத்தில் தன் கதையை ஒளிக்காமல் சொல்லியிருந்தார். என் பிள்ளைகள் போனதுபோல உங்கள் பிள்ளைகளும் போக வேண்டாம், முன்னாலேயே பார்த்துக்கொள்ளுங்கள் என்று நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அப்பாக்கள் வரிசையில் வந்தார்கள். மையத்தின் இயக்குநர் அதற்குத் ‘தாங்குதிறன் சோதனை’ என்று பெயர் வைத்து ஒரு தளத்தையே ஒதுக்கினார். ஹாஸ்டல் பள்ளிகள் அந்தச் சோதனையைச் சேர்க்கைக்குக் கட்டாயமாக்கின. பள்ளிக்கூடம் பிள்ளைகளுக்குத் தகுந்த மாதிரி மாறுமா என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. பள்ளிக்கூடத்துக்குத் தகுந்த பிள்ளைகளைப் பொறுக்கி எடுப்பதற்குத்தான் இப்போது வழி கிடைத்துவிட்டதே. தாங்கிய பிள்ளைகள் பெட்டி தூக்கிக்கொண்டு போனார்கள். தாங்காத பிள்ளைகளைப் பெற்றோர் ஒரு மாதிரி பார்த்தபடி வீட்டுக்குக் கூட்டிப்போனார்கள். ரெஜினாவுக்கு அந்தத் தளத்துக்குப் போகவே பிடிக்கவில்லை. ஆனாலும் ஒவ்வொரு நாளும் அதைத் தாண்டித்தான் தன் அறைக்குப் போக வேண்டியிருந்தது.

தீபாவளிக்கு அப்புறம் கோகிலவாணி வந்தாள். நிதினுக்குப் புது மருந்து கேட்கிறது, அதைப் பற்றிச் சொல்ல வந்திருந்தாள். இப்போதெல்லாம் தானே சட்டை பொத்தான் போட்டுக்கொள்கிறானாம். ரெஜினாவுக்குச் சந்தோஷமாக இருந்தது.

“யுவஸ்ரீ எப்படி இருக்கா?”

“உள்ளூர்ப் பள்ளிக்கூடத்துல சேர்த்திருக்குதுங்க. எக்கனாமிக்ஸ்தான். காலாண்டுல மொத மார்க்குங்க.” சொல்லும்போது அவள் முகத்தில் சந்தோஷம் இல்லை. “அதாங்க பயமா இருக்குது. நிதினும் மொதல்ல மொத மார்க்குத்தான் வாங்கினான்.”

“அதுக்கும் இதுக்கும் என்னம்மா சம்பந்தம்?”

“ஜாக்கிரதையாத்தான் பார்த்துக்கறோமுங்க. பள்ளிக்கூடத்துக்கு அவரே கொண்டுபோய் விட்டு, அவரே கூட்டிட்டு வந்துருவாரு. வாத்தியாருங்ககிட்டச் சொல்லி வெச்சிருக்குது, திட்ட வேண்டாம்னு. பாப்பா சத்தமாச் சிரிச்சா நாங்க ரெண்டு பேரும் ஓடிப்போய்ப் பார்க்கறதுங்க. இப்ப அவ அவ்வளவாச் சிரிக்கறதில்லை. எங்க மாமியாரு, பார்த்தியா, ரெண்டாவதுக்கும் வந்துருச்சு, நான் அப்பவே பண்டாரத்து ரத்தம்னு சொன்னனேங்கறாங்க. நான் என்னத்தைங்க பேசறது? வாயை மூடிக்கிட்டேன்.”

ரெஜினா பேனாவைக் கீழே வைத்தாள்.

“அப்பறம் நிதினோட மாத்திரை இருக்குதுங்களே, ராத்திரி மாத்திரை. அதுல பாதியைப் பால்ல கலந்து குடுக்கறோமுங்க. வர்றதுக்கு முன்னாலயே தடுத்துரலாமுன்னு. அவருதான் கத்தியில பாதியா நறுக்கித் தருவாரு. பாப்பாவுக்குத் தெரியாது.”

“ஐயோ, என்னம்மா பண்றீங்க!” ரெஜினா எழுந்தேவிட்டாள். “அவளுக்கு ஒண்ணுமே இல்லை! நீங்கதானே என்னைப் பொய் சொல்லச் சொன்னீங்க? நீங்க கேட்டதுக்காகத்தானே சொன்னேன்!”

கோகிலவாணி அவளைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

“நான் கேட்டேனுங்க. நீங்கதான் முடியாதுன்னுட்டீங்களே. இருபது வருஷத்துல ஒரு ரிசல்ட்டைக்கூட மாத்திச் சொன்னதில்லை, என் வாயில பொய் வராதுன்னு சொன்னீங்க. அடுத்த நாளே வந்து தாங்கலைன்னா, அப்ப நெசமாத்தானுங்களே இருக்கோணும்? அன்னிக்கு அந்த ரூம்புல எனக்கு உசுரே போயிருச்சுங்க. தாங்கிருச்சுன்னு நெனச்சு உங்ககிட்ட வந்து அப்படிப் பேசினேனே, என்ற வாய்முகூர்த்தமே பலிச்சுப்போச்சேன்னு.”

“அது பொய்ம்மா. நான் சொன்னது பொய். வாங்க, காட்டறேன்.” ரெஜினா திரையைத் திருப்பினாள். அவசரத்தில் இரண்டு தடவை தப்பான படம் வந்தது. “இதோ பாருங்க. நாற்பதுல முப்பத்தேழு நல்லா இருக்கு. உங்க பொண்ணு மூளை இரும்பு மாதிரி. வெறும் மூணுதான் கெட்டது.”

“மூணு” என்றாள் கோகிலவாணி.

“மூணு ஒரு கணக்கே இல்லை. யாருக்கும் கெடும். எனக்கே நாலு கெட்டுச்சு.”

“உங்களுக்குமுங்களா?” என்று கோகிலவாணி இரக்கத்தோடு கேட்டாள். பிறகு திரையில் கறுத்துப்போயிருந்த அந்த மூன்றையும் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். “அன்னிக்குப் பாதிக்கு மேலன்னீங்க. இன்னிக்கு மூணுங்கறீங்க. நான் மனசு ஒடஞ்சிரக் கூடாதுன்னு கொறச்சுச் சொல்றீங்க, எனக்குத் தெரியுதுங்க. மூணோ முப்பதோ, கெட்டது நெசந்தானுங்களே.”

“அம்மா, நாற்பதுல மூணு…”

“எனக்கு நாப்பது மகள் இல்லீங்களே மேடம். ஒருத்திதான். அவ அந்த மூணுல இருந்தா?”

புள்ளியியலில் ரெஜினா வாங்காத பட்டம் இல்லை. ஒரு பொய் சொன்னவளின் உண்மைக்கு என்ன மதிப்பு என்று கணக்குப் போட்டுச் சொல்ல அந்தப் பட்டங்களில் எதிலும் வழியில்லை. அந்தப் பெண்ணிடமே சொல்லிவிடுவோம் என்று தோன்றியது. அவளுக்குத்தான் வாய் இருக்கிறது, அவள் சண்டை போடுவாள்.

“யுவஸ்ரீ எங்கே?”

“வெளியதானுங்க உக்காந்திருக்கா.”

ரெஜினா கதவைத் திறந்துகொண்டு கிட்டத்தட்ட ஓடினாள். வராந்தாவில் சோதனைக்கு ரத்தம் கொடுத்த பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் முழங்கையில் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்திலேயே அப்பாக்கள். ஒரே பேச்சும் கசமுசாவுமாக இருந்தது. அத்தனை சத்தத்துக்கு நடுவில், கடைசி நாற்காலியில், யுவஸ்ரீ தலை தோளில் சரிந்து வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். மடியில் இருந்த புத்தகம் கீழே விழுந்து கிடந்தது. கன்னம் உப்பியிருந்தது.

“யுவஸ்ரீ” என்று ரெஜினா தோளைத் தொட்டு உலுக்கினாள். அவள் கண்ணைப் பாதி திறந்து, யாரென்று தெரியாமல் பார்த்துவிட்டு மறுபடியும் மூடிக்கொண்டாள்.

“இது மாத்திரையோட தூக்கம்மா” என்றாள் ரெஜினா. “வேற ஒண்ணும் இல்லை. இன்னையோட நிறுத்திருங்க. நிறுத்தினா சரியாயிடும்.”

பின்னாலேயே வந்து நின்ற கோகிலவாணி, ஆறுதல் சொல்லும் டாக்டர்களுக்குத் தலையாட்டுகிற மாதிரி தலையாட்டினாள். குனிந்து மகளின் நெற்றியில் விழுந்திருந்த முடியை ஒதுக்கிவிட்டாள். பிறகு ரெஜினாவின் காதுக்கருகில் வந்து, மற்ற பெற்றோருக்குக் கேட்காமல் மெதுவாகக் கேட்டாள்.

“பஸ் ஏறுனதுல இருந்தே இப்படித்தானுங்க தூங்கிக்கிட்டு வர்றா. நிதினுக்கு முத்துனப்பவும் இப்படித்தான் தூங்கினான். பாதி பத்தலைங்களோ மேடம்? முழுசாக் குடுத்துரட்டுங்களா?”